வெறும் வயிற்றோடு வண்டி ஏறுகிறவர்கள்

(மாரிக்குப்பத்தில் நடந்த நோன்பு திறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது தயங்கினேன். நான் நோன்பு வைக்கிற சமயத்தவன் அல்லன். டாக்டரும் அல்லன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன். ஆனால் ஒவ்வொரு ரமலான் மாதமும் இந்த வண்டியில் உங்களோடுதான் போய் வருகிறேன். நான் கண்ணால் கண்டதைச் சொல்லலாம் அல்லவா?

பசி நமக்குப் புதியதா? 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சமும், வடாற்காட்டுக் கிராமங்களின் பண்ணைக் கொடுமையும் அல்லவா நம் பாட்டன்மாரை இந்தச் சுரங்கத்துக்கு விரட்டின? 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது லைன்களில் அடுப்பு எரிந்ததா? அதெல்லாம் பிறர் நம்மேல் சுமத்திய பசி. நோன்பாளியின் பசி அவரே விரும்பி ஏற்றுக்கொண்டது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. ஆனால் தோழர்களே, விரும்பி ஏற்ற பசியின் மேல் ஒரு மேஸ்திரி நூறு செங்கல்லை ஏற்றி வைக்கிறானே, அந்தச் சுமை யாருடைய விருப்பம்?

என் தகப்பனார் சாம்பியன் ரீஃபில் வேலை செய்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் அது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். 1983இல் ரமலான் ஜூன் மாதத்திலும் 1986இல் மே மாதத்திலும் வந்தது. அவருடைய கேங்கில் ஒரு பாய் இருந்தார். நோன்பை விடமாட்டார். கேங்கில் யாரும் கூட்டம் போடவில்லை, தீர்மானம் எழுதவில்லை. ஷிப்டின் முதல் பாதியில் பாய் கனமான வேலையைச் செய்வார், பிற்பாதியில் மற்றவர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான். பாய்க்கு எதிரில் தண்ணீர் குடிக்கக்கூட அப்பா திரும்பி நின்றுகொள்வாராம். அதற்கும் பாய் கோபித்துக்கொள்வாராம், "நீ நல்லாக் குடி, என் நோன்பு உன் தொண்டையிலா இருக்குது?" என்று!

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். கேங்கும் போயிற்று. இன்று நம் பிள்ளைகள் விடியுமுன் வண்டியேறி, நூறு கிலோமீட்டர் போய்ப் பெங்களூரில் கட்டட வேலையும் காவல் வேலையும் செய்கிறார்கள். பக்கத்தில் நிற்பவன் பெயர்கூடத் தெரியாது. 2024ஆம் ஆண்டு நோன்பு மாதம் நினைவிருக்கும். மார்ச், ஏப்ரல் வெயில். பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம். நம் வண்டியில் வருகிற ஒரு தம்பி சென்ட்ரிங் வேலையில் மயங்கி விழுந்தான். நிழலில் படுக்கவைத்தார்கள், தெளிந்தான். மேஸ்திரி என்ன செய்தார்? அரை நாள் கூலியைப் பிடித்தார்! அன்று மாலை அவன் என் எதிரில் உட்கார்ந்து மாலூர் தாண்டிப் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். கூலி போனதைவிட, "உன்னை யார் நோன்பு வைக்கச் சொன்னது?" என்று கேட்டார்களே, அதுதான் அவனைச் சுட்டது.

அதற்குப் பிறகுதான் நான் விசாரிக்கத் தொடங்கினேன். மூன்று நாள் நோன்பிருந்தும் பார்த்தேன். முதல் நாள் பதினொரு மணிக்கு மண்டை பிளந்தது. பசியால் என்று நினைத்தேன். டாக்டர் சிரித்தார்: "அது டீ இல்லாத வலி." நாளுக்கு ஆறு டீ குடிக்கிறவன் ரமலானுக்குப் பத்து நாள் முன்பே ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தால் அந்த வலி பெரும்பாலும் வராதாம்.

நம் ஊரில் மார்ச் மாத நோன்பு ஏறக்குறைய 13 மணி நேரம். வயிறு அதைத் தாங்கும். ஈரலில் சேமித்த சர்க்கரை பல மணி நேரம் வரும், பிறகு உடம்பு கொழுப்பை எடுத்துக்கொள்ளும். தண்ணீருக்கு அப்படிச் சேமிப்புக் கிடங்கு கிடையாது. வெயிலில் பாரம் தூக்குகிறவனுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம். வியர்வையோடு உப்பும் போகிறது. 1923இல் மாஸ் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளைப் பரிசோதித்து, வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தவர்களுக்குத் தசை இழுத்துப் பிடித்தது உப்புக் குறைவால்தான் என்று காட்டினார். ஆகவே நோன்பு திறந்ததும் இரண்டு பாட்டிலை ஒரே மூச்சில் குடிப்பதில் பயனில்லை. பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். ஒரு தம்ளர், பிறகு நோன்புக் கஞ்சி, பிறகு தூங்கும்வரை அவ்வப்போது ஒரு தம்ளர். கஞ்சியை ஏளனமாக நினைக்காதீர்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், உப்பு, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். வெயிலில் காய்ந்தவனுக்கு வேறென்ன மருந்து வேண்டும்? தமிழ்நாட்டில் 2001 முதல் பள்ளிவாசல்களுக்குக் கஞ்சி அரிசியை அரசே கொடுக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாம் வீட்டுக்கு வீடு தண்டி ஊற்றுகிறோம்.

சஹருக்குப் புரோட்டாவும் பொரித்த கறியும் தின்றுவிட்டு வண்டியேறுகிறவனைப் பார்த்திருக்கிறேன். கிருஷ்ணராஜபுரம் வருவதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோலார் ஜில்லாவில் இருந்துகொண்டு கேழ்வரகைக் கேவலமாக நினைக்கலாமா? ஒரு உருண்டை களி, கொஞ்சம் பருப்புக் குழம்பு, ஒரு சொம்பு மோர் - மெதுவாகச் செரிக்கும், நெடுநேரம் நிற்கும். ஊறுகாயும் அப்பளமும் அன்றைக்கு வேண்டாம். வண்டிக்கு நேரமாகிறது என்று சஹரையே விட்டுவிடுகிற இளைஞர்களும் உண்டு. அது வீரம் அல்ல. சஹர் உண்ணச் சொல்லி நபிகள் வலியுறுத்தியிருக்கிறார் என்று நம் இமாம் சொன்னார். தாகத்தாலோ வெப்பத்தாலோ நபிகள் நோன்போடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட செய்தி அபூதாவூத் தொகுப்பில் இருப்பதையும் அவரே சொன்னார். ஆக, தலையிலும் பிடரியிலும் ஈரத்துணி போட்டுக்கொள்வதற்குக் கூச்சம் வேண்டியதில்லை.

இனி, சற்றுக் கடுமையாகவே பேச வேண்டிய இடம். நம் லைன்களில் சுரங்கத் தூசியால் நெஞ்சு கெட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். இந்த நோயை இந்தியாவில் முதன்முதலில், 1934இல், கண்டறிந்ததே நம் கோலார் தங்கவயலில்தான். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாளில் நோற்கும் சலுகையைத் திருக்குர்ஆனே தந்திருக்கிறது. அதை மறுப்பதற்கு அக்கம்பக்கத்தார் யார்? சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் அந்த நொடியே நோன்பை முடிக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கண்டிப்பான விதி. வெயிலில் ஒருவன் பேச்சுக் குழறினால், தடுமாறினால், நேரம் பார்க்காதீர்கள். நிழலுக்குத் தூக்குங்கள், உடம்பை நனையுங்கள், நினைவு தெளிந்திருந்தால் தண்ணீர் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். "பாய் நோன்பை விட்டுவிட்டாரே" என்று மறுநாள் வண்டியில் கிண்டல் செய்கிறவன் எங்கள் சங்கத்துக்காரனாக இருந்தால் அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சங்கம் என்ன செய்யப் போகிறது? பகல் சாப்பாட்டு நேரத்தில் நோன்பாளி வேலை செய்துவிட்டு மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதிக்கும்படி, நம் ஆட்கள் வேலை செய்கிற ஒவ்வொரு இடத்து மேஸ்திரியிடமும் நேரில் கேட்கப் போகிறோம். தனியாகப் போனால் துரத்துவான். நோன்பு வைக்காதவர்கள் நான்கு பேர் கூடவே போக வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் தலைச்சுமையை நாம் வாங்கிக்கொள்வோம் என்று அவனிடமே சொல்ல வேண்டும். பெட்டிக்கு இரண்டு கேன் தண்ணீர் ஏற்றுவதற்கு ஒயிட்ஃபீல்டில் ஏறுகிற தோழர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். பங்காருப்பேட்டையில் வண்டி மாறுகிறவர்களுக்குப் பிளாட்பாரக் குழாயில் மாலையில் தண்ணீர் வர வேண்டும். அதற்கான மனுவை நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பெயரைக் கொடுக்க விரும்புகிறவர்கள், எந்தப் பெட்டியில் ஏறுகிறீர்கள், எந்த இடத்தில் வேலை என்பதையும் சேர்த்து எழுதிவிட்டுப் போங்கள். பேனா மேசைமேல் இருக்கிறது. கஞ்சி ஆறுகிறது, நான் உட்காருகிறேன்.