துணிக்கையும் பகடையும்



சுடுதேநீர் ஒரு மிடறு அருந்தினால் உடல் எவ்வளவு சத்தியைப் பெறுமோ, ஏறக்குறைய அவ்வளவு சத்தியே 4 கிரே அளவான எக்ஸ்-கதிர் உடல் முழுவதும் படும்போது உள்ளே சேருகின்றது. ஒரு கிலோகிராம் திணிவு ஒரு யூல் சத்தியை ஏற்பதே ஒரு கிரே. நான்கு கிரேயினால் உடலின் வெப்பநிலை ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கே உயரும். ஆயினும், அது ஒருங்கே பட்டுச் சிகிச்சையும் கிடையாதாயின், பட்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் சில வாரங்களில் மாள்வர். தேநீர் கொல்லவில்லை, கதிர் கொல்கின்றது. ஏன்?

சத்தியின் அளவிலன்று, அது விழும் இடத்திலேயே விடை உள்ளது. கலத்தின் கருவிலே டி.என்.ஏ. என்னும் ஈரிழை வடம் இருக்கின்றது. அதன் தடிப்பு 2 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை ஐந்து இலட்சமாகக் கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூறு. ஓரிழை அறுந்தால் கலம் பெரும்பாலும் அதனைச் செப்பனிட்டுக்கொள்ளும். ஈரிழையும் அருகருகே அறுந்தாற்றான் தொல்லை. எக்ஸ்-கதிர் தரும் அதே ஒரு கிரேயை அல்பாத் துணிக்கை கொண்டுவந்தால், அறுதல்கள் நெருங்கி விழுந்து செப்பனிடல் மிக அரிதாகும்.

அப்படியாயின், ஒவ்வொரு துணிக்கையும் எங்கே மோதிற்று என்பதை அறிதல் வேண்டும். நோயாளியின் கலத்துள் அளவுகருவியை நுழைத்துப் பார்க்க ஒருவராலும் இயலாது. இங்கேதான் கணினி துணைவருகின்றது.

இம்முறை பிறந்த கதை சுவையானது. 1946ஆம் ஆண்டு, உலாம் என்னும் கணிதவறிஞர் நோயினின்று தேறிவரும் வேளையில் தனியே சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெல்லும் வாய்ப்பு எத்துணை என்று கணித்துப் பார்த்தார், முடியவில்லை. நூறு தடவை ஆடி, வென்றதை எண்ணினாற் போதுமே என்று அவருக்குத் தோன்றிற்று. பின்னர் அவரும் வொன் நொய்மான் என்பாரும் நியூத்திரன்களின் போக்கை அவ்வாறே கணித்தனர். முறைக்குச் சூதாட்டத்துக்குப் பேர்போன மொன்டே கார்லோ நகரின் பெயர் இடப்பட்டது. வைத்தியசாலையில் அப்பெயர் வழங்குவது சிலருக்குப் பிடியாதிருக்கலாம், முறையோ நேர்மையானது. துணிக்கை எவ்வளவு தூரஞ் செல்லும், எதனோடு மோதும், எப்பக்கந் திரும்பும் என்று ஒவ்வோர் அடியிலும் கணினி பகடை உருட்டுகின்றது. அளந்தறிந்த நிகழ்தகவுகளே பகடையின் முகங்கள். இப்படி இலட்சக்கணக்கான துணிக்கைகளின் வரலாறுகள் சேர்க்கப்படும். பிழையைப் பாதியாக்கவேண்டின் வரலாறுகளை நான்கு மடங்காக்க வேண்டும். பொறுமையில்லாதவர்க்கு இது உகந்ததன்று.

ஜெனீவாவிலுள்ள சேர்ண் ஆய்வுநிலையத்தை நடுவாகக்கொண்டு பல நாட்டினர் ஆக்கிய ஜியன்ற்-4 என்னும் மென்பொருள் 1998இல் வெளிவந்தது. துணிக்கைப் பௌதிகச் சோதனைகளுக்கென ஆக்கப்பட்ட அது இன்று புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் உதவுகின்றது. 150 மில்லியன் இலத்திரன்வோற்றுப் புரோத்தன் நீரில் ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர் சென்று, நிற்குமிடத்தை அணுகும்போதே சத்தியின் பெரும்பங்கை இறக்குகின்றது. இடையிலே என்பும் காற்றும் மாறிமாறி வந்தால் நிற்குமிடம் நகரும். கட்டிக்கு அப்பால் முண்ணாண் இருக்குமாயின் சில மில்லிமீற்றர் வழுவும் பொறுக்கத்தக்கதன்று. எளிய சூத்திரங்கள் இங்கே தடுமாறும். பகடை தடுமாறுவது குறைவு.

விண்வெளி வீரரின் கதிராபத்தை ஆராயவென ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2001இல் தொடக்கிய கிளைமுயற்சி, இதே மென்பொருளை டி.என்.ஏ. அளவுக்குக் கொண்டுசென்றது. ஆனால், அதிலே கலம் பெரும்பாலும் நீராகவே கொள்ளப்படுகின்றது. உடலில் நீரே மிகுதியாகையால் இது பொருந்தும், எனினும் டி.என்.ஏ. நீரன்று. ஆகையால், கணினி எண்ணிச் சொல்லும் அறுதல்களை, ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த கலங்களுக்குக் கதிர் பாய்ச்சி எண்ணியவற்றோடு உயிரியலார் இன்றும் ஒப்புநோக்கி வருகின்றனர்.