பிள்ளையின் படிப்பும் பெற்றோர் கடமையும்

(தாசேக் கெலுகோர் வட்டாரத் தோட்டப் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



பொழுது புலருமுன் பெரட்டுக்குச் சென்று, மரம் வெட்டி, பால் எடுத்து, வாளியை இறக்கி வைத்த களைப்போடு இங்கே வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். ஆகவே, சுருக்கமாகவே பேச விரும்புகின்றேன்.

நமது பினாங்கு மாநிலத்தில்தான் 1816ஆம் ஆண்டில், பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கப்பெற்றது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அந்நாளில் பல தோட்டங்களில் கிராணியாரோ கங்காணியாரோதாம் ஆசிரியர். இன்றோ, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கின்றனர். 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமும் ஆகிவிட்டது.

சட்டம் பிள்ளையைப் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும். அங்கே அவனை ஊன்றி நிற்கச் செய்வது வீடுதான்.

“நான் படிக்காதவன் ஐயா, என் மகனுக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?” என்று தந்தையர் பலர் கேட்பதுண்டு. பாடம் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர் பணி. பெற்றோர் செய்ய வேண்டியது வேறு. அதற்கு எழுத்தறிவு தேவையில்லை.

விடியலில் நீங்கள் வேலைக்காட்டில் இருக்கின்றீர்கள். பிள்ளை தானே எழுந்து புறப்பட வேண்டியுள்ளது. எனவே, காலைக்குரியதை இரவிலேயே முடித்துவிடுங்கள். சீருடை, காலணி, புத்தகப்பை ஆகியவற்றை ஓரிடத்தில் வைக்கச் செய்யுங்கள். நேரத்தோடு உறங்க அனுப்புங்கள்.

மாலையில் அரைமணி நேரமாவது தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறாமல் படிக்கின்றானா, திக்கித் திணறுகின்றானா என்பதை உங்கள் செவியே உணர்த்திவிடும். திணறினால் அடிக்காதீர்கள், ஆசிரியரிடம் சென்று சொல்லுங்கள்.

தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஒருநாள்தானே என்று மூத்த பிள்ளையை, பெரும்பாலும் மகளை, வீட்டில் நிறுத்திக் கொள்கின்றோம். அன்று நடத்திய கணக்கு அவளுக்குப் புரியாமற் போகின்றது. மறுநாள் கணக்கு அதன்மேல் எழுவதால், அதுவும் புரிவதில்லை. பிறகு பள்ளி என்றாலே அவளுக்குக் கசக்கின்றது. அந்த ஒருநாளின் விலை இதுவே.

ஆறாம் ஆண்டில் பார்த்துக் கொள்ளலாம் என்ற எண்ணமும் இனி உதவாது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. வகுப்பறையில் ஆண்டு முழுவதும் மாணவரின் அடைவு மதிப்பிடப்படுகின்றது. எனவே, மதிப்பீட்டு அறிக்கை வந்தால் கையொப்பமிட்டு அனுப்புவதோடு நில்லாமல், “இதில் என்ன எழுதியிருக்கின்றது?” என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பதில் இழுக்கு ஏதுமில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குத் தாயோ தந்தையோ ஒருவர் தவறாது செல்லுங்கள்.

அரசாங்க உதவிகளையும் அறிந்திருங்கள். பாடநூல் இரவல் திட்டம் 1975ஆம் ஆண்டிலும், வசதி குறைந்த மாணவர்க்கான துணை உணவுத் திட்டம் 1979ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றவை. தொடக்கக்கால உதவிநிதியான 150 ரிங்கிட், 2023ஆம் ஆண்டில் பெற்றோரின் வருமானத்தைப் பாராமல் மாணவர்க்கு வழங்கப்பட்டது. அந்தந்த ஆண்டின் நிலையைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

பெருமக்களே! ரப்பர்க் கன்றை நட்டு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் காத்திருந்தே மரத்தில் உளியை வைக்கின்றோம். அதுவரை களையெடுக்கின்றோம், உரமிடுகின்றோம். தொடக்கப் பள்ளியும் ஆறு ஆண்டுகளே. நம் கண்ணெதிரே ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டுவிட்டன. நம் உளியைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல முடியாது. கல்வியை விட்டுச்செல்ல முடியும். இன்றிரவே பிள்ளையை அருகில் அமர்த்தி, “இன்று என்ன படித்தாய், அப்பா?” என்று அன்போடு கேளுங்கள்.