டஸ்கீகியில் தொடங்கிய ஒரு வாரம்



மார்ச் மாதம் பிறந்துவிட்டால் சுகாதார நாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்குகின்றன. மார்ச் 24 காசநோய் நாள். ஏப்ரல் 7 உலக சுகாதார நாள். ஏப்ரல் 25 மலேரியா நாள். ஏப்ரல் கடைசி வாரம் தடுப்பூசி வாரம். ஊர்வலம் போகிறார்கள், பதாகை பிடிக்கிறார்கள், மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது. இதனால் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான் அது. நூறாண்டுக்கு முன்பு அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பிறந்த ஒரு சுகாதார வாரத்தின் கதையில் அதற்கு விடை இருக்கிறது. அந்தக் கதையின் ஒரு பாதி பெருமைக்குரியது. மறுபாதி கேட்கவே மனம் கனப்பது.

அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்றொரு சிற்றூர். அங்கே 1881இல் கறுப்பின மக்களுக்காக ஒரு கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை முதலிலிருந்து நடத்திவந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். அடிமையாகப் பிறந்து, படித்து உயர்ந்தவர். அந்த நிறுவனத்தில் மன்றோ வொர்க் என்ற சமூகவியலாளர் கறுப்பின மக்களின் வாழ்க்கை குறித்த புள்ளிவிவரங்களை ஆண்டுக்கணக்கில் சேகரித்து வந்தார். 1914இல் அவர் முன்வைத்த கணக்கு எல்லோரையும் உலுக்கியது. எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் சுமார் 450,000 கறுப்பின மக்கள் கடும் நோயில் கிடக்கிறார்கள். நேர்கிற சாவுகளில் ஏறத்தாழ 45 விழுக்காடு தடுத்திருக்கக்கூடியவை. நோயால் ஆண்டுக்கு ஆகும் செலவு 75 மில்லியன் டாலர்.

அன்றைய தென்மாநிலங்களில் பெரும்பாலான மருத்துவமனைகள் அவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் ஒதுக்குப்புறமான அறைதான். மருத்துவர்களும் குறைவு. சாக்கடை, குழாய்த் தண்ணீர் எல்லாம் வெள்ளையர் குடியிருப்போடு நின்றுவிடும். அரசு வந்து செய்யட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறை போய்விடும் என்பது வாஷிங்டனுக்குத் தெரியும்.

வர்ஜீனியாவில் ராபர்ட் மோட்டன் தலைமையிலான ஓர் அமைப்பு, ஊர் ஊராகத் துப்புரவு நாள் நடத்திக்கொண்டிருந்தது. அதை நாடு முழுவதற்கும் விரித்தால் என்ன என்று வாஷிங்டன் நினைத்தார். அப்படிப் பிறந்ததுதான் தேசிய நீக்ரோ சுகாதார வாரம். முதல் வாரம் 1915 மார்ச் 21 முதல் 27 வரை நடந்தது.

அந்த வாரத்தில் மக்கள் கையில் எடுத்தது மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியும். நம் ஊரில் போகிக்கு முன்பு வீட்டை ஒழித்து வெள்ளையடிப்பதுபோல, அங்கே ஊர் மொத்தமும் இறங்கியது. கிணறுகளைத் தூர்வாரினார்கள். குப்பையை எரித்தார்கள். கழிப்பிடங்களைச் சீராக்கினார்கள். ஈயும் கொசுவும் நுழையாதபடி சன்னலுக்குக் கம்பிவலை அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் காசநோயைப் பற்றிப் பேசினார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பல் துலக்கச் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை என்று முறைப்படுத்தினார்கள்: ஒருநாள் வீட்டுக்கு, ஒருநாள் தெருவுக்கு, ஒருநாள் குழந்தைகளுக்கு.

மேடையில் பெயர் பெற்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீடு வீடாக ஏறி இறங்கியவர்களோ பெண்கள்: மாதர் சங்கத்தினர், ஆசிரியைகள், செவிலியர், கிராமத்து மருத்துவச்சிகள். வரலாற்றாசிரியர் சூசன் எல். ஸ்மித் இவர்களின் உழைப்பை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த நூல் வந்தது 1995இல். அவ்வளவு காலம் ஆயிற்று என்பதுதான் வருத்தம்.

முதல் வாரம் நடந்த 1915ஆம் ஆண்டே நவம்பரில் வாஷிங்டன் காலமானார். அவருடைய இடத்துக்கு வந்த மோட்டன், வாரத்தை ஏப்ரலுக்கு மாற்றி, வாஷிங்டனின் பிறந்தநாளாகக் கருதப்பட்ட ஏப்ரல் 5 அதில் அடங்கும்படி செய்தார். டஸ்கீகியிலிருந்து ஒரு நடமாடும் பள்ளியும் கிராமங்களுக்குப் போய்வந்தது. முதலில் விவசாயம் கற்றுத்தந்த அந்த வண்டியில் 1920 முதல் ஒரு செவிலியரும் ஏறிக்கொண்டார். 1923இல் அந்த வேலைக்கு வந்தவர் யூனிஸ் ரிவர்ஸ். பாதையில்லாத குக்கிராமங்களில்கூட மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப்பெண்ணாக நம்பினார்கள்.

ஆனால், கிணற்றைத் தூர்வாரலாம்; மருத்துவமனையை ஒரு வாரத்தில் கட்ட முடியுமா? மருந்தைச் சுண்ணாம்பு வாளியிலிருந்து எடுக்க முடியுமா? அதற்கு அரசு வேண்டும். அரசும் வந்தது. 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை இந்த வாரத்தின் பொறுப்பை ஏற்று, ஆண்டு முழுதும் நடக்கும் இயக்கமாக்கியது. ராஸ்கோ பிரவுன் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் அதை வழிநடத்தினார்.

அதே 1932இல், அதே துறை, அதே டஸ்கீகி வட்டாரத்தில் இன்னொன்றையும் தொடங்கியது. மேகநோய் எனப்படும் சிபிலிஸ் கண்ட 399 கறுப்பின ஆண்களையும் அந்நோய் இல்லாத 201 பேரையும் சேர்த்துக்கொண்டு, சிகிச்சை தராமல் விட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று கவனித்தார்கள். அந்த மனிதர்களுக்கு உண்மை சொல்லப்படவில்லை. 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் சொன்னார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததைக்கூடச் சிறப்புச் சிகிச்சை என்றே நம்பவைத்தார்கள். சூடான சாப்பாடும் ஈமச்சடங்குக்குப் பணமும் தருவதாகச் சொன்னார்கள். டஸ்கீகி நிறுவனத்தின் மருத்துவமனையும் அதற்கு இடம் கொடுத்தது. அந்த ஆண்களை வீட்டிலிருந்து அழைத்துவரும் பொறுப்பு யாரிடம் கொடுக்கப்பட்டது தெரியுமா? யூனிஸ் ரிவர்ஸிடம். நடமாடும் பள்ளியில் அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த நம்பிக்கை அதற்குத்தான் பயன்பட்டது.

1940களின் பின்பகுதியில் மேகநோய்க்குப் பென்சிலின் கைக்கெட்டும் மருந்தாகிவிட்டது. அப்போதும் அவர்களுக்குத் தரவில்லை. 1972இல் பீட்டர் பக்ஸ்டன் என்ற முன்னாள் துறை ஊழியர் கொடுத்த தகவலைக் கொண்டு ஜீன் ஹெல்லர் என்ற செய்தியாளர் எழுதிய பிறகே அந்த ஆய்வு நின்றது. நாற்பது ஆண்டுகள்! 1997 மே 16 அன்று குடியரசுத் தலைவர் கிளின்டன், உயிரோடு மிஞ்சியிருந்த முதியவர்களிடம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

சுகாதார வாரம் அதற்கு வெகுமுன்பே, 1950களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்திருந்தது. இனவாரியாகப் பிரித்து நடத்தும் ஏற்பாடு இனி வேண்டாம் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அதன் வழிவந்ததாக, 2001 முதல் ஏப்ரல் முழுதும் சிறுபான்மையினர் சுகாதார மாதமாக அங்கே கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் மருத்துவரின் வெள்ளைக் கோட்டைக் கண்டால் தயங்கும் பழக்கம் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் தங்கிவிட்டது. அந்தத் தயக்கத்தை அறியாமை என்று சொல்வது பெரும் அநியாயம். அது பட்டறிவு.

அப்படியானால் அவர்களிடம் போவது எப்படி? லாஸ் ஏஞ்சலிஸில் ரொனால்ட் விக்டர் என்ற இதயநோய் மருத்துவர் முடிதிருத்தகங்களைத் தேர்ந்தெடுத்தார். கறுப்பினத்தவர் நடத்தும் 52 கடைகள். வாடிக்கையாக வரும், ரத்த அழுத்தம் மிகுந்த 319 ஆண்கள். ஒரு பகுதிக் கடைகளில் முடிதிருத்துபவர் அறிவுரை சொன்னார்: உப்பைக் குறையுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மற்றக் கடைகளில் அதோடு நிற்காமல், மருத்துவர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி ஒரு மருந்தாளுநரே கடைக்கு வந்து, அழுத்தத்தை அளந்து, அங்கேயே மருந்து எழுதித் தந்தார்.

முடிவு 2018 மார்ச்சில் வெளிவந்தது. தொடங்கும்போது இரு தரப்பிலும் மேல் அழுத்தம் சராசரியாக 153, 155 என்ற அளவில் இருந்தது. ஆறு மாதத்தில் அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு 9 புள்ளி குறைந்தது. மருந்தாளுநர் வந்த கடைகளில் 27 புள்ளி. 130க்கு 80 என்ற அளவுக்குக் கீழே வந்தவர்கள் ஒருபுறம் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். மறுபுறம் அறுபத்துநான்கு பேர்.

அறிவுரையும் வீண்போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்பது புள்ளி குறைந்ததும் நல்லதுதான். நம்பிக்கையான ஒருவரின் கடையில், நாற்காலியை விட்டு எழுவதற்குள் மருந்தும் கிடைத்தபோது மூன்று மடங்கு குறைந்தது. விக்டர் அந்த ஆண்டு செப்டம்பரில் காலமானார். அவரது குழுவின் ஓராண்டு முடிவுகள் டிசம்பரில் வந்தன. இரண்டாவது ஆறு மாதத்தில் மருந்தாளுநர் கடைக்கு வருவது குறைந்திருந்தது; அந்த ஆண்களின் ரத்த அழுத்தம் மறுபடி ஏறவில்லை.