பைல் கெட்டதா, பெட்டி கெட்டதா?

போன்ல எடுத்த போட்டோ மேல்பாதி நல்லா இருக்கும், கீழ்ப்பாதி சாம்பல் நிறமா நிக்கும். பார்த்திருப்பீங்க. உடனே "வைரஸ்"னு சொல்லி போனை ரீசெட் செய்வோம். ஒரு வாரத்தில் மறுபடியும் அதே கதை. பல நேரம் குற்றவாளி மெமரி கார்டுதான். கார்டை வேறொரு போனில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சர்வரிலும் இதே மாதிரி நடக்கும். ஆனால் அங்கே கெடுவது ஊராருடைய சான்றிதழ்.

நான் வேலை பார்த்த ஒரு அலுவலகம், பெயர் வேண்டாம். கல்லூரிச் சேர்க்கை நேரம். பதிவிறக்கிய சான்றிதழ்களில் சில திறக்கவில்லை. ஒரு அம்மா மகளோட மூணாவது தடவையா வந்து நின்னாங்க. "உங்க போன்ல கோளாறும்மா"ன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தோம். கோளாறு எங்க பக்கம்.

நாங்களும் முதலில் சாஃப்ட்வேரைத்தான் சந்தேகப்பட்டோம். எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினோம். பத்து நாளில் பழையபடி. இரண்டாம் முறை நிறுவும்போது, பைல் சேதம் என்று பாதியிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாஃப்ட்வேர் பிழை பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பு செய்யும். இன்னைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று மாறினால் பெட்டிக்குள்ளே பார்க்கணும்.

ஒரு பெரிய பைலை எடுத்து அதன் செக்சம், அதாவது பைலின் கைரேகை போன்ற எண், ஐந்து முறை கணக்கிட்டோம். யாரும் தொடாத பைல். ஆனாலும் எண் மாறி மாறி வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே தப்பு எண் வந்திருந்தால், டிஸ்கில் எழுதியிருப்பதே தப்பு. மாறினால், படிக்கிற வழியில் கோளாறு: ரேம், கேபிள், பவர் சப்ளை இப்படி ஏதாவது. பைல் ரேமின் அளவைவிடப் பெரிசா இருக்கணும். சின்னதுன்னா ரேமில் இருப்பதையே திருப்பிக் கொடுத்துடும், டிஸ்க் பக்கம் போகாது.

டிஸ்கின் ஸ்மார்ட் அறிக்கையில் கெட்ட செக்டார் இல்லை. கேபிள் கோளாறைக் காட்டும் சி.ஆர்.சி. எண்ணும் ஏறவில்லை. ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டினோம். மூன்றாவது மணி நேரத்தில் சிவப்பு வரிகள். இருந்த இரண்டு ரேமையும் இடம் மாற்றிப் போட்டோம். பிழையும் ஒரு ரேமோடயே இடம் மாறியது. ஸ்லாட்டில் குற்றமில்லை, அந்த ரேம்தான்.

விலை குறைவு என்று சாதாரண மேசைக் கணினியை சர்வர் ஆக்கியிருந்தார்கள். சர்வருக்கான ஈ.சி.சி. ரேம், ஒரு பிட் மாறினால் தானே திருத்தி, பதிவும் செய்யும். "ரேம் எங்கே சார் கெடும்?" என்பவர்களுக்கு ஒரு தகவல்: கூகுள் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்களில் பிழை தெரிந்தது. மெம்டெஸ்டில் தேறினாலும் முழு நிம்மதி கிடையாது. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2021-இல் எழுதியது: ஒரு பிராசசரில் ஒரே ஒரு கோர், 156 என்று வரவேண்டிய கணக்குக்கு 0 சொன்னது. அதனால் பைல்கள் காணாமல் போயின.

எங்களை நிஜமா அழவைத்தது பேக்அப். தினமும் ராத்திரி, கெட்ட பைல் நல்ல பைல் மேலேயே ஏறிக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்த அன்றே அதை நிறுத்தியிருக்கணும், நாங்க செய்யல. பழைய மாதப் பிரதி ஒன்று தனியாக இருந்ததால் பெரும்பாலானவை தப்பின. மீதியைக் காகிதக் கோப்பைப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். அந்தப் பொண்ணோட சான்றிதழைத்தான் முதல்ல ஏற்றினோம்.

உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். திறக்காத பி.டி.எஃப்பை அழிச்சிடாதீங்க. இன்னொரு தடவை பதிவிறக்கி, வேறு போனிலும் திறந்து பாருங்க. அப்பவும் திறக்கலைன்னா, விண்ணப்ப எண்ணோட, எந்த நாள், எத்தனை மணிக்குப் பதிவிறக்கினீங்கன்னும் சொல்லுங்க. அந்த நேரத்தை வைத்துத்தான் கோளாறு எப்போ ஆரம்பிச்சதுன்னு நாங்க தேட ஆரம்பிப்போம்.