காக்கா ஆழியும் கப்பல் முதலாளிகளும்
(எண்ணூர் மீனவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காக்கா ஆழி என்று நாம் அழைக்கும் மட்டி இந்தக் கழிமுகத்துப் பிறப்பல்ல. அதன் தாயகம் தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகள். இங்கே எப்படி வந்தது? சரக்கில்லாத கப்பல் நிலை தடுமாறாதிருக்க ஒரு துறைமுகத்தில் கடல்நீரை நிரப்புகிறது. மறு துறைமுகத்தில் கொட்டுகிறது. அந்நீரோடு கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் வருகின்றன. இது கப்பல் வழியே வந்திருக்க வேண்டுமென்பதே விஞ்ஞானிகள் கருத்து.

விளைவை நாம் அறிவோம். நூல் நூலாகப் பின்னிக்கொண்டு, சேற்றின்மேல் பாய் விரித்தாற்போல் படர்கிறது. இறால் புதைய இடமில்லை. மஞ்சள் மட்டி மாள்கிறது. கையால் தடவி இறால் பிடிப்போர் வெறுங்கூடையோடு கரையேறுகிறார்கள்.

இதற்குச் சட்டம் இல்லையா? உண்டு. 2004-ல் செய்த சர்வதேச உடன்படிக்கை 2017-ல் அமலுக்கு வந்தது. கப்பல் நீரைச் சுத்திகரித்தே கொட்டவேண்டும் என்கிறது. சுத்திகரிக்கச் செலவாகும். அதை மிச்சம் பிடித்தால் லாபம் முதலாளிக்கு, நஷ்டம் நமக்கு!

ஆகவே நாம் கோருவது: வரும் கப்பல்களின் நீரைச் சோதனை செய்! ஆழியை அகற்றும் செலவைத் துறைமுகங்கள் ஏற்கட்டும்! அந்த வேலையை நியாயமான கூலியோடு மீனவருக்கே கொடு! இழந்த பிழைப்புக்கு நஷ்டஈடு வழங்கு!

நமக்கும் ஒரு கடமை உண்டு. பிடுங்கிய ஆழியைத் திரும்பத் தண்ணீரில் எறியக்கூடாது. படகையும் வலையையும் சுத்தம் செய்யாமல் வேறு நீருக்குக் கொண்டுபோகக்கூடாது. பழவேற்காட்டு மீனவர் நம் சகோதரர்கள். அவர்களோடு சேர்ந்தே போராடுவோம், வெல்வோம்!