மீனைச் சமைத்தாயிற்று, கோல் எங்கே?



ஆற்றங்கரையிலோ, பழைய ஈயக் குட்டை ஓரத்திலோ உட்கார்ந்து தூண்டில் போட்டவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். மீன் சிறியதாக இருந்தால் நம்மை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பெரியதாக இருந்துவிட்டால் ஆயிரம் கேள்விகள் வரும். எங்கே பிடித்தாய்? எதைக் கொண்டு பிடித்தாய்? பார்த்தவர் யார்? இந்தக் கேள்விகள் ஒரு மனிதரைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் துரத்துகின்றன. அவர் இறந்த பிறகும் அவை விட்டபாடில்லை. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

அமெரிக்காவின் தெற்கே ஜோர்ஜியா மாநிலம். 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள். உலகமே பொருளாதார மந்தத்தில் நொடித்துக் கிடந்த காலம். ஜார்ஜ் பெர்ரி என்ற இருபது வயது இளைஞர், தந்தையை இழந்த குடும்பத்தை உழுது பிழைத்துக் காப்பாற்றி வந்தார். அன்று மழை பெய்து நிலம் சேறாகிவிட்டது. ஏர் பூட்ட முடியாது. ஆகவே நண்பர் ஜாக் பேஜுடன் மீன் பிடிக்கப் போனார். அவர்கள் பொழுதுபோக்குக்காகப் போனார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதுதான் காரணம்.

அவர்கள் போன இடம் மான்ட்கோமரி ஏரி. பெயர்தான் ஏரி. ஒக்மல்கி ஆறு தன் பழைய வளைவொன்றைக் கைவிட்டுப் போனதால் தேங்கி நின்ற நீர் அது. கழிவுப் பலகைகளை வைத்துத் தாமே அடித்துக்கொண்ட படகு. இருவருக்கும் சேர்த்து ஒரே கோல், ஒரே ரீல், ஒரே செயற்கை இரை. ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் வீச வேண்டும். பெர்ரியின் முறை வந்தபோது, இழுத்தால் அசையவில்லை. நீருக்கடியில் ஏதோ மரக்கட்டையில் மாட்டிக்கொண்டது என்றே நினைத்தார். கட்டை நகரத் தொடங்கியபோதுதான் விஷயம் விளங்கியது.

வந்தது பெருவாய் பாஸ் என்ற மீன். ஹெலீனா என்ற சிற்றூருக்குக் கொண்டுபோய் நிறுத்தார்கள். 22 ராத்தல் 4 அவுன்ஸ். இன்றைய கணக்கில் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல்; நாம் கடையில் வாங்கும் பத்துக் கிலோ அரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் முப்பத்திரண்டரை அங்குலம், சுற்றளவு இருபத்தெட்டரை அங்குலம். ‘பீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ என்ற இதழ் நடத்திய போட்டிக்கு அந்த விவரம் போயிற்று. பரிசு, 75 டாலர் பெறுமான வேட்டை, மீன்பிடிப் பொருள்கள். மீன்? அது நேரே சமையலறைக்குப் போயிற்று. பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் எண்ணம் பசித்த வீட்டில் எப்படி வரும்?

மீன் போய்விட்டதால், வழக்கு முழுவதும் கருவிகளின் மேல் விழுந்தது. முதலில் இரை. கிரீக் சப் என்ற நிறுவனம் செய்ததுதான் என்பதில் தகராறில்லை. ஆனால், ‘விகிள் பிஷ்’ என்று ஒரு பெயரும், ‘பின்டெயில் ஷைனர்’ என்று ஒரு பெயரும் வழங்குகின்றன. இரண்டும் மீன் வடிவில் மரத்தில் கடைந்து வண்ணம் பூசியவை. ‘சொந்த இரையின் பெயரே ஒருவருக்குத் தெரியாதா?’ என்று ஐயப்படுவோர் மடக்குகிறார்கள். என்னைக் கேட்டால், இது வலுவான வாதமல்ல. இருந்த ஒரே இரைக்குப் பெயர் எதற்கு? பத்து இருந்தால்தானே பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும்?

அடுத்தது கோல். இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்நாளில் கண்ணாடியிழைக் கோல் கிடையாது. ஒன்று, மூங்கிலைப் பட்டைகளாகப் பிளந்து, முக்கோணமாகச் சீவி, ஆறாறாக ஒட்டிய கோல். அல்லது எஃகுக் கோல். நைலான் நரம்பு இன்னும் கடைக்கு வரவில்லை. பின்னிய பட்டு நூல்தான். அதைக் காய வைக்காவிட்டால் இற்றுப்போகும். வீசும்போது ரீலின் உருளையும் கூடவே சுழலும். கட்டை விரலால் அதை அளவாக அழுத்தாவிட்டால் நூல் குருவிக் கூடுபோல் சிக்கிக்கொள்ளும். பத்துக் கிலோ மீனை இத்தகைய கருவியால் இழுத்தது விரலின் பழக்கமே தவிர, கோலின் விலையல்ல.

இப்பொழுது ஒரு சிக்கலைக் கவனியுங்கள். மீன் பிடித்த பிறகுதான் பரிசுப் பொருள்கள் வந்தன. 1934இல் அதே போட்டியில் 13 ராத்தல் 14 அவுன்ஸ் மீனுக்காக இரண்டாம் முறையும் பெர்ரி பரிசு பெற்றார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று ஒரு பழைய கோலை யாரேனும் கொண்டுவந்தால், அது 1932 ஜூன் 2க்கு முந்தியதா, பிந்தியதா? பரண்மேல் கிடந்தது என்பது மட்டும் சான்றாகாது.

மீனின் அளவைக் கொண்டு எடையைச் சரிபார்க்கலாமே என்பார்கள். நீளத்தைச் சுற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி 800ஆல் வகுப்பது ஒரு முறை. 33 ராத்தல் வருகிறது. 1200ஆல் வகுப்பது இன்னொரு முறை. சரியாக 22 வருகிறது. எதை நம்ப வேண்டும் என்று முன்பே முடிவு செய்தவருக்கு இரண்டில் ஒன்று உதவும்!

பெர்ரி பின்னாளில் தாமே கற்று விமான ஓட்டியானார். 1974இல் அலபாமா மாநிலத்தில் அவருடைய விமானம் விழுந்து இறந்தார். உடனிருந்த ஜாக் பேஜின் வாக்குமூலம் நம் கைக்கு வரவில்லை. அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 1939இல்தான் தோன்றியது. நன்னீர் மீன்களின் பதிவேட்டை அந்த இதழிடமிருந்து 1978இல் பெற்றுக்கொண்டது. பெர்ரியின் மீனும் அந்தப் பதிவேட்டோடு சேர்ந்தே வந்தது.

2009ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் இதே இன மீனைப் பிடித்தார். 22 ராத்தல் 4.97 அவுன்ஸ். படங்கள் எடுத்தார்கள், அளந்தார்கள், பொய் கண்டறியும் கருவியில் அவரை உட்கார வைத்துக் கேள்வியும் கேட்டார்கள். 2010 ஜனவரியில் ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் பழைய பதிவை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடுதல் வேண்டும் என்பது விதி. குரிட்டாவுக்கு ஒரு அவுன்ஸ்கூட முழுதாகக் கூடவில்லை. ஆகவே சமன் என்று எழுதி, இரண்டு பெயர்களையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். ஒன்றுக்குக் கட்டுக் கட்டாகச் சான்றுகள். மற்றொன்றுக்கு ஓர் ஏழை உழவனின் விண்ணப்பத் தாளும், சிற்றூர்த் தராசும்.