எபிசோட்: இதை யார் சரிபார்த்தாங்க?

கொஞ்ச நாளா எனக்கு வர்ற மெயில்கள்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "தினமும் ஏதாவது ஒரு கண்டுபிடிப்புச் செய்தி வருது. எதை நம்புறது, எதை விடுறது?"

நான் விஞ்ஞானி கிடையாது, பகல்ல சாஃப்ட்வேர் எழுதுற ஆள். ஆனா என் வேலையில இருக்கிற ஒரு பழக்கம் இந்தக் கேள்விக்கு உதவும்னு தோணுது. நான் எழுதுற கோட் நேரா வாடிக்கையாளர்கிட்ட போகாது. டீம்ல இன்னொருத்தர் வரி வரியா படிச்சு, நாலு கேள்வி கேட்டு, சரின்னு சொன்னாத்தான் உள்ளே போகும். இதைத்தான் கோட் ரிவ்யூன்னு சொல்றோம். எழுதினது எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் இதுதான் முறை.

அதே மாதிரி, ஒரு அறிவியல் செய்தியைப் படிச்சா, இதை யார் ரிவ்யூ பண்ணாங்க, எப்படிப் பண்ணாங்கன்னு தேடிப் பார்ப்பேன். துறைக்குத் துறை இதுக்கான பதில் ரொம்பவே மாறுது. இன்னிக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல இயற்பியல். 2023 ஜூலை கடைசி வாரம் ஞாபகம் இருக்கா? எல்கே-99ன்னு ஒரு பெயர் இன்டர்நெட் முழுக்க ஓடுச்சு. தென்கொரியாவுல ஒரு குழு, அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யற மீகடத்தியைக் கண்டுபிடிச்சுட்டோம்னு ஆர்க்கைவ் தளத்துல கட்டுரை போட்டாங்க. மீகடத்தின்னா மின்தடையே இல்லாத பொருள். ஆஸ்பத்திரியில எம்ஆர்ஐ மெஷின் பார்த்திருப்பீங்க, அதோட காந்தம் மீகடத்திதான். ஆனா அதை வேலை செய்ய வைக்க திரவ ஹீலியம் ஊத்தி மைனஸ் 269 டிகிரி கிட்ட குளிர வைக்கணும். கொரியக் குழு என்ன சொன்னாங்கன்னா, எங்க பொருள் 127 டிகிரி வெப்பத்துலயும் மீகடத்தியாவே இருக்கும்னு. உண்மையா இருந்தா மின்சாரம் கொண்டு போற கம்பியிலேர்ந்து எல்லாமே மாறியிருக்கும்.

கூடவே ஒரு வீடியோ. காந்தத்துக்கு மேல ஒரு சின்னக் கருப்புத் துண்டு தலையைத் தூக்கி நிக்குது. ஒரு ஓரம் மட்டும் காந்தத்தைத் தொட்டுக்கிட்டே இருக்கு. அந்த ஓரம்தான் பல இயற்பியலாளர்களை உறுத்துச்சு.

இந்தக் கதையில எனக்குப் பிடிச்சது, செய்முறை ரொம்ப எளிமையா இருந்தது. ஈயம், செம்பு, பாஸ்பரஸ், கந்தகம், ஒரு உலை. அதனால உலகத்துல பாதி லேப் அதைச் செஞ்சு பார்க்க உக்காந்துட்டாங்க. எங்க ஃபீல்டுல ஒரு பழைய ஜோக் உண்டு. பக் இருக்குன்னு சொன்னா, "என் மெஷின்ல ஓடுதே"ன்னு பதில் வரும். சரி, எங்க மெஷின்லயும் ஓடுதான்னு பார்க்கலாம்னு எல்லாரும் கிளம்பின வாரங்கள் அது. டெல்லியில இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகத்துலயும் செஞ்சாங்க. அவங்க செஞ்ச துண்டு மிதக்கலை, மீகடத்தியாவும் இல்லை. பீக்கிங் பல்கலைக்கழகக் குழுவுக்குப் பாதி தூக்கி நிக்கற துண்டு கிடைச்சது. ஆனா அதுக்குச் சாதாரண காந்தத்தன்மையே போதும்னு அவங்களே காட்டிட்டாங்க.

அப்போ கொரியர்கள் அளந்த மின்தடைச் சரிவு? அது பொய் இல்லை. சுமார் 104 டிகிரியில மின்தடை சடார்னு விழுந்தது உண்மைதான். இங்கதான் வேதியியல் உள்ளே வருது. அமெரிக்காவுல இலினாய் பல்கலைக்கழகத்துல பிரசாந்த் ஜெயின்னு ஒரு வேதியியலாளர். அவர் முன்னாடியே செம்பு சல்ஃபைடை வெச்சு வேலை செஞ்சவர். 104ங்கிற எண்ணைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியிருக்கு. ஏன்னா செம்பு சல்ஃபைடு தன்னோட படிக அமைப்பை மாத்திக்கிற வெப்பநிலை அதுதான். எல்கே-99 செய்யும்போது பக்கவிளைவா செம்பு சல்ஃபைடு உருவாகும், அது அழுக்கு மாதிரி உள்ளேயே தங்கிடும். சரிவு அந்த அழுக்கோடது. பெய்ஜிங்ல ஒரு குழு, அழுக்கு அதிகமா இருக்கிற மாதிரி, குறைவா இருக்கிற மாதிரி ரெண்டையும் செஞ்சு இதை உறுதிப்படுத்தினாங்க.

கடைசியா ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் நகர மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல அழுக்கே இல்லாத சுத்தமான படிகத்தை வளர்த்துட்டாங்க. ஊதா நிறம், ஒளி ஊடுருவும். மின்தடை எவ்வளவு தெரியுமா? லட்சக்கணக்கான ஓம். மீகடத்தி இல்லைங்கிறது மட்டுமில்ல, அது மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாத பொருள். முதல் கட்டுரை வந்து இதெல்லாம் முடிய ஒரு மாசம்கூட ஆகலை. அப்போ நிறைய பேர் "அறிவியல் தோத்துப்போச்சு"ன்னு எழுதினாங்க. எனக்கு அப்படித் தோணலை. இவ்வளவு வேகமா, இவ்வளவு பேர் சேர்ந்து ஒரு ரிவ்யூவை முடிச்சு நான் பார்த்ததே இல்லை.

சரி, இப்போ கணிதம். இங்க உலையும் கிடையாது, காந்தமும் கிடையாது. ரிவ்யூ எப்படி நடக்கும்?

பிஸி பீவர்னு ஒரு புதிர். 1962-ல் டிபோர் ராடோங்கிற கணிதவியலாளர் போட்டது. ரொம்பச் சின்ன ஒரு கம்ப்யூட்டரைக் கற்பனை பண்ணிக்கோங்க. முடிவில்லாத ஒரு நாடா, அதுல எல்லாமே பூஜ்யம். மெஷினுக்கு அஞ்சே அஞ்சு நிலைகள். ஒவ்வொரு நிலையிலயும், பூஜ்யத்தைப் பார்த்தா என்ன பண்ணணும், ஒண்ணைப் பார்த்தா என்ன பண்ணணும்னு விதி. ஆக மொத்தம் பத்து விதி, அவ்வளவுதான் புரோகிராம். இப்படி எழுதக்கூடிய புரோகிராம்கள் சுமார் 16.7 லட்சம் கோடி. அதுல சிலது கொஞ்ச நேரம் ஓடி நின்னுடும், சிலது காலத்துக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். கேள்வி இதுதான்: நிக்கற மெஷின்கள்லயே ரொம்ப நேரம் ஓடி நிக்கறது எது?

ஒரு நிலை இருந்தா விடை 1. ரெண்டுக்கு 6, மூணுக்கு 21, நாலுக்கு 107. அஞ்சுக்கு? 1989-ல் ஹைனர் மார்க்ஸன், யூர்கன் புன்ட்ராக்னு ரெண்டு ஜெர்மானியர்கள் 4,71,76,870 அடி ஓடி நிக்கற ஒரு மெஷினைக் கண்டுபிடிச்சாங்க. 107-லேர்ந்து நேரா நாலே முக்கால் கோடிக்குத் தாவுது பாருங்க. ஆனா இதுதான் உச்சம்னு சொல்லணும்னா, இதைவிட அதிகமா ஓடற அத்தனை மெஷினும் நிக்கவே நிக்காதுன்னு ஒண்ணுவிடாம நிரூபிக்கணும். ஒரு புரோகிராம் நிக்குமா நிக்காதான்னு எல்லாத்துக்கும் பொதுவா கண்டுபிடிக்கிற வழி கிடையாதுன்னு 1936-லயே ஆலன் டூரிங் நிரூபிச்சுட்டார். அதனால குறுக்கு வழி இல்லை. வகை வகையாப் பிரிச்சு, அடம் பிடிக்கிறதைத் தனித்தனியாத்தான் பிடிக்கணும். பல்கேரியாவைச் சேர்ந்த கியோர்கி கியோர்கியேவ் 2003-ல் இதைக் கிட்டத்தட்ட முடிச்சு, 43 மெஷின் மிச்சம்னு நிறுத்தினார்.

2022-ல் அயர்லாந்துல ஆராய்ச்சி மாணவரா இருந்த டிரிஸ்டன் ஸ்டேரின் இதுக்கு ஒரு வெப்சைட்டும் டிஸ்கார்ட் அறையும் ஆரம்பிச்சார். யார் வேணா வரலாம். வந்தவங்கள்ல பல பேர் கணிதப் பேராசிரியர்கள் கிடையாது, நம்ம மாதிரி வேலை முடிச்சு ராத்திரி உக்கார்ற ஆட்கள். 2024-ல் முடிச்சுட்டாங்க. விடை அதே 4,71,76,870.

இதுல என்னை அசர வெச்சது வேற ஒண்ணு. கடைசி நிரூபணத்தைத் தொகுத்து எழுதினவர் எம்எக்ஸ்டிஒய்எஸ்ங்கிற புனைபெயர்ல வர்ற ஒருத்தர். உண்மைப் பெயர் என்ன, என்ன படிச்சிருக்கார்னு வெளியில தெரியாது. ஆனாலும் கணித உலகம் ஏத்துக்கிச்சு. எப்படி? அவர் நிரூபணத்தைக் 'காக்'ங்கிற மென்பொருள் மொழியில எழுதியிருந்தார். அது ஒவ்வொரு படியையும் தர்க்கப்படி சரியான்னு சோதிக்கும், ஒரு படி இடிச்சாலும் உள்ளே விடாது. எழுதினவரோட பட்டம் என்னன்னு அதுக்குக் கவலை இல்லை. மனுஷன் மனுஷனை நம்ப வேண்டிய தேவையை இவ்வளவு குறைச்ச ஒரு ரிவ்யூ வேற எந்தத் துறையிலயும் எனக்குத் தெரியாது.

கணிதத்துல இது முடியுது. ஒரு மூளையை எடுத்துக்கிட்டா?

வாழைப்பழம் கொஞ்சம் கனிஞ்சா உடனே சுத்துமே, அந்தக் குட்டி பழ ஈ. அதோட மூளை கடுகைவிடச் சின்னது. 2024 அக்டோபர்ல அந்த மூளையோட முழு வயரிங் படம் நேச்சர் இதழ்ல வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாலா மூர்த்தி, செபாஸ்டியன் சியுங் நடத்தின ஃப்ளைவயர் திட்டம். 1,39,255 நியூரான்கள், அதுங்களுக்கு நடுவுல அஞ்சு கோடிக்கும் மேல இணைப்புகள். மூளையை ஏழாயிரம் சொச்சம் துண்டா, ஒவ்வொண்ணும் 40 நானோமீட்டர் தடிமன்ல சீவி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில படம் எடுத்து, ஒவ்வொரு நியூரானும் எந்த வழியாப் போகுதுன்னு ஏஐ வெச்சுத் தொடர்ந்தாங்க.

செய்திகள்ல "ஏஐ மூளையை வரைந்தது"ன்னு வந்துச்சு. ஆனா ஏஐ ரெண்டு விதமாத் தப்பு பண்ணும். ஒரே நியூரானை ரெண்டா வெட்டிடும், இல்லன்னா ரெண்டு நியூரானை ஒண்ணா ஒட்டிடும். அதையெல்லாம் மனுஷங்கதான் ஒவ்வொண்ணாப் பார்த்துத் திருத்தினாங்க. விஞ்ஞானிகள், சம்பளத்துக்கு வேலை பார்த்தவங்க, பொழுதுபோக்கா வந்த தன்னார்வலர்கள் எல்லாரும் சேர்த்து அந்தத் திருத்தத்துக்கு ஆன உழைப்பு சுமார் 33 ஆள்-வருஷம். அதாவது ஒரே ஆள் செஞ்சா 33 வருஷம்.

அதுக்கப்புறமும் ஒரு கேள்வி நிக்குது. இது ஒரே ஒரு பெண் ஈயோட மூளை. பக்கத்து ஈக்கும் இப்படித்தான் இருக்குமா? நல்ல வேளையா 2020-ல் வேற ஒரு ஈயோட மூளையில ஒரு பெரிய பகுதியை வேற குழு வரைஞ்சிருந்தது. ரெண்டையும் ஒப்பிட்டாங்க. நிறைய பொருந்துச்சு. ஆனா பழைய படத்துல "இது ஒரு தனி நியூரான் வகை"ன்னு சொல்லியிருந்ததுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கைப் புதுப் படத்துல உறுதியா அடையாளம் காண முடியலை. இதை அவங்களே கட்டுரையில எழுதியிருக்காங்க.

இதுவரைக்கும் சொன்னதுல ரிவ்யூ தவறினா யாருக்கும் உயிர் போகாது. இப்போ சொல்லப்போறது அப்படி இல்லை.

2011 ஜூன், ஸ்வீடன், கரோலின்ஸ்கா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. மருத்துவ நோபல் யாருக்குன்னு முடிவு பண்ற கரோலின்ஸ்கா நிறுவனத்தோட சேர்ந்து இயங்குற ஆஸ்பத்திரி. அங்க பாவ்லோ மக்கியாரினிங்கிற அறுவை சிகிச்சை நிபுணர், மூச்சுக்குழாய்ல புத்துநோய்க் கட்டி இருந்த ஒருத்தருக்கு பிளாஸ்டிக் மூச்சுக்குழாய் பொருத்தினார். நோயாளியோட எலும்பு மஜ்ஜை செல்களை அந்தக் குழாய் மேல ஊற வெச்சா, அது உடம்போட உயிருள்ள பகுதியா வளர்ந்துடும்ங்கிறதுதான் யோசனை. அதே வருஷம் லான்செட் இதழ்ல கட்டுரை வந்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

அந்தக் குழாயை விலங்குகள்ல முறையாச் சோதிக்கவே இல்லை. செல்கள் வளரலை. ஸ்வீடன்ல அவர் இதைப் பொருத்தின மூணு பேரும் பின்னாடி இறந்துட்டாங்க. அதே ஆஸ்பத்திரியில வேலை செஞ்ச நாலு டாக்டர்கள் நோயாளிகளோட பதிவுகளையும் கட்டுரைகளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்து, ரெண்டும் ஒத்துப்போகலைன்னு 2014-ல் புகார் கொடுத்தாங்க. 2015-ல் வெளியிலேர்ந்து வந்த பேராசிரியர் விசாரிச்சு, முறைகேடு நடந்திருக்குன்னே சொன்னார். ஆனாலும் நிறுவனத்தோட தலைமை மக்கியாரினி பக்கம்தான் நின்னது. 2016-ல் ஸ்வீடன் டிவியில ஒரு ஆவணப்படம் வந்து நாடே கொதிச்ச பிறகுதான் துணைவேந்தர் ராஜினாமா செஞ்சார். லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2018-ல். ஏழு வருஷம்! 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்கு ரெண்டரை வருஷம் சிறை கொடுத்தது. அவர் கடைசி வரைக்கும் குற்றத்தை மறுத்தார்.

எல்கே-99-க்கு ஒரு மாசம், இதுக்கு ஏழு வருஷம். ஏன்? யார் வேணா ஒரு உலை வாங்கி ஈயத்தைச் சுடலாம். நோயாளியோட பதிவை யார் வேணா பார்க்க முடியாது. பார்க்க முடிஞ்ச நாலு பேரும் அதே இடத்துல சம்பளம் வாங்கினவங்க. அவங்க ரிவ்யூ பண்ணதும் அதைச் சொன்னதும் அவங்க வேலையைப் பணயம் வெச்சுத்தான். இன்னொரு கசப்பும் இருக்கு. அவங்கள்ல சிலரோட பெயரும் அந்தக் கட்டுரைகள்ல இருந்ததால, 2018 தீர்ப்புல அவங்க மேலயும் குறை சொன்னாங்க. இந்தப் பகுதியை எத்தனை தடவை படிச்சாலும் எனக்குக் கோபம்தான் வருது.

இதே துறையில 2025 ஏப்ரல்ல வந்த ஒரு செய்தியையும் சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் எனக்கு அனுப்பியிருந்தீங்க. உலகத்துலயே சின்ன பேஸ்மேக்கர். அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஜர்ஸ், இகோர் எஃபிமோவ் குழு செஞ்சது. மூணரை மில்லிமீட்டர் நீளம், அதாவது அரிசியைவிடச் சின்னது, சிரிஞ்ச் வழியாவே உள்ளே வைக்கலாம். உடம்புத் திரவத்தையே வெச்சு மின்சாரம் எடுத்துக்கும். நெஞ்சு மேல ஒட்டற ஒரு பட்டை, துடிப்பு தப்பினா ஒளியை அனுப்பி அதை இயக்கும். வேலை முடிஞ்சதும் தானாக் கரைஞ்சிடும்.

இதய ஆபரேஷன் முடிஞ்ச பச்சைக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குத்தான் பேஸ்மேக்கர் தேவைப்படும். இப்போ அதுக்கு இதயத்துல தைச்ச கம்பி நெஞ்சு வழியா வெளியே வரும். வேலை முடிஞ்சதும் அதைப் பிடிச்சு இழுத்து எடுக்கணும். நிலாவுல கால் வெச்ச நீல் ஆம்ஸ்ட்ராங் 2012-ல் இறந்தது அப்படித்தான். பைபாஸுக்கு அப்புறம் அந்தக் கம்பியை எடுத்தப்போ உள்ளே ரத்தப்போக்கு ஏற்பட்டுச்சு.

அந்தப் பேப்பரைத் திறந்ததும் நான் முதல்ல தேடினது, எதுலெல்லாம் சோதிச்சிருக்காங்கங்கிற பட்டியலைத்தான். சுண்டெலி, எலி, பன்றி, நாய், அப்புறம் இறந்தவங்க தானமாக் கொடுத்த மனித இதயங்கள். உயிரோட இருக்கிற மனுஷங்க அந்தப் பட்டியல்ல இல்லை. வீட்டுல குழந்தைக்கு இதயப் பிரச்சினை இருந்து இந்தச் செய்தியை எனக்கு அனுப்பினவங்களுக்கு: இதை உங்க டாக்டர்கிட்ட தாராளமாக் கேளுங்க, ஆனா இதுக்காக எந்த ஆபரேஷனையும் தள்ளிப் போடாதீங்க.

அடுத்த எபிசோட்ல பிஸி பீவரோட ஆறாவது நிலை. அங்க ஆன்டிஹைட்ரான்னு ஒரு மெஷின் வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது, அதைப் பத்திப் பேசலாம். கேள்விகள் அனுப்புங்க.